ஸ்டூலில் இருந்த ஆள்

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கிடையாது.

காலையில் என் பெண்டாட்டி ரோஸ்லெட் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். தூக்கினால் அலறுகிறாள். வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

அவள் அண்ணன் போனில்: "ஆஸ்பத்திரியொண்ணும் வேண்டாம். ஆசானிட்ட கொண்டு போனா எண்ணெயிட்டுக் கட்டுவாரு." எலும்பு கட்டும் அந்த ஆசான் இவருக்குச் சொந்தம். அதையும் யோசிக்கவேண்டும்.

மகள் ஷீபா காஞ்சிரங்குளத்திலிருந்து ஓடி வந்தாள். யாரிடமும் கேட்காமல் ஆம்புலன்ஸ். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு.

டாக்டர் சின்னப் பெண். இடுப்பு எலும்பு முறிவாம், நாளைக்கே ஆபரேஷனாம். தள்ளிப்போட்டால் நல்லதல்லவாம். ஏன் இத்தனை அவசரம்? பஸ்ஸில் கண்டக்டராகக் காலம் தள்ளியவன் நான். அவசரமாக இறங்குகிறவனிடம் டிக்கெட் இருக்காது.

ஷீபா கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸ் வந்தாள். "அப்பச்சா, மாலை, கண்ணாடி, காது மிஷின் எல்லாம் ஊரி பைஸ்டாண்டர் கையில வெச்சோளணும்." பைஸ்டாண்டர் என்றால் கூட இருக்கிறவன். நான்தான்.

கண்ணாடியைக் கழற்றியதும் ரோஸ் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். "போயிராதீங்க, என்னா." போகவில்லை. கதவு மூடுகிறவரை நின்றேன்.

வார்டில் நம்பும்படி ஒருவரும் இல்லை:
- அடுத்த கட்டில் பெரியவரின் மருமகன். காட்டாக்கடைக்காரன். சும்மா சிரிக்கிறான். "சாய வேணோ அண்ணா?" முன்பின் தெரியாதவனுக்கு எதற்கு டீ?
- தரை துடைக்கிறவள். பைகளை நகர்த்தி நகர்த்தித் துடைக்கிறாள்.
- செக்யூரிட்டி. எப்போதும் தூக்கம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்ததாம். எல்லாரும் சொல்கிறார்கள். பார்த்தது யார்?

ஷீபா காவலுக்கு இருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து ரோஸின் தங்க மாலை, கண்ணாடி, மிஷின் மூன்றையும் ஹார்லிக்ஸ் குப்பியில் போட்டு அரிசி டின்னின் அடியில் தள்ளிவிட்டேன். கள்ளன் முதலில் பார்ப்பது அலமாரி. ஷீபாவிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகவே சொல்லிவிடுவாள்.

ஜூன் 11, புதன்

ராத்திரி முழுக்கக் கட்டிலடி ஸ்டூலிலேயே இருந்தேன். காலையில் ரோஸ் கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்ததற்கும் சுவரைப் பார்த்ததற்கும் வித்தியாசம் இல்லை.

"ரோஸ், நானாக்கும்."

கன்னத்தைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்புக்குள் கம்பி. அது சரி. தலைக்குள் என்ன செய்தார்கள்? மயக்க மருந்து கூடிப்போயிருக்கும். கேட்டால் சொல்வார்களா.

ஜூன் 12, வியாழன்

நல்ல மழை. செருப்பு வார் அறுந்தது.

ஒரு பெண் வந்து ரோஸை எழுப்பி நிறுத்தவேண்டும் என்கிறாள். பிசியோவாம். வெட்டித் தைத்த புண் ஆறவில்லை, அதற்குள் நடக்கவேண்டுமாம். கட்டில் காலியாக வேண்டும், வேறென்ன? தொட்டதும் ரோஸ் கூப்பாடு போட்டாள். பாறசாலை வந்தாச்சு, என்னை இறக்கிவிடுங்க என்கிறாள். பஸ்ஸில் இருக்கிறதாக நினைப்பு.

சபையிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். ஆரஞ்சு, ரொட்டி, ஜெபம். "அனங்காம கெடக்கணும் கேட்டியா, எலும்பு கூடட்டு." டாக்டர் சொல்வது நேர்மாறு: படுக்கக் கூடாது, உட்காரவேண்டும், சாப்பிடவேண்டும். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

கஞ்சியை நான் ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். சேலைத் தலைப்பு இருக்கிற இடத்தைத் தடவுகிறாள், பிறகு கழுத்தை. திரும்பத் திரும்பக் கழுத்தை.

ஜூன் 13, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

சாயங்காலம் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கமாக விரல் நீட்டினாள். வார்டு முழுக்கக் கேட்க: "இந்த ஆளு எனக்க மாலைய அத்து எடுத்தான். பிடிங்க இவன."

எல்லாத் தலையும் திரும்பியது. காட்டாக்கடைக்காரன் தன் பையை இழுத்துக் கட்டிலடியில் தள்ளிக்கொண்டான். இன்றைக்கு டீ கேட்கவில்லை. தூங்குமூஞ்சிச் செக்யூரிட்டிக்கு இப்போது நன்றாக முழிப்பு வந்துவிட்டது. "நிங்கள் ஆரா? ஐடி உண்டோ?" ஆதாரை எடுத்துக் காட்டினேன். என் பெண்டாட்டியின் கட்டிலடியில் நின்று ஆதார்.

எத்தனை பேரை நான் டிக்கெட் காட்டு என்று அதட்டியிருப்பேன். அவர்கள்மேல் விழுந்த பார்வையும் இப்படித்தான் இருந்திருக்கும்போல.

ஷீபாவிடம் சொன்னேன்: "டிஸ்சார்ஜ் எழுதி வாங்கு. ஆசானிட்ட கொண்டு போவாம்." அவள் அழுதாள். நானும் வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் இனி என்னை அறியாமலே போய்விடுவாளோ என்று பயம். வேறொன்றும் இல்லை, பயம்தான்.

ஜூன் 14, சனி

வெயில். டாக்டர் வந்தாள். வயதானவர்களுக்கு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழப்பம் வருவதுண்டாம், அனேகமாகத் தெளிந்துவிடுமாம். ஆனால் சாப்பிடாமல் உட்காராமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகு புண்ணாகும், பிறகு நடப்பதே சந்தேகம் என்றாள்.

"வீட்டில அம்மச்சிக்குக் கண்ணும் காதும் எப்பிடி?"

ஷீபா: "கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது டாக்டரே. மிஷின் இல்லாம கேக்கவும் செய்யாது."

"பின்ன அது ரெண்டும் எங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பத்திரமா உண்டு," என்றேன்.

டாக்டர் என் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. "அம்மச்சிக்குக் கண்ணும் தெரியல்ல, காதும் கேக்கல்ல. ஒரு நெழலு வந்து தொடுது, வாயில என்னமோ வெக்குது. அலறாம என்ன செய்யும்?"

ஷீபா பல்லைக் கடித்துக்கொண்டு: "நான் அலமாரி முழுக்கத் தேடினேன் அப்பா. கேட்டதுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க. தேடின கள்ளன் கப்பலுக்குள்ளயேதான் இருந்தான்."

பஸ் பிடித்தேன். அப்போதும் பாதி வழிவரை, டாக்டருக்கு எதற்கு என் வீட்டுச் சாமான் விவரம் என்று ஒரு யோசனை ஓடியது. என் புத்தி இப்படி. அதற்குமேல் அந்த யோசனை ஓடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன், இடம் இருந்தும்.

அரிசிக்குள் கை முழங்கைவரை. குப்பியின் மூடி சரியாக மூடாமல், கண்ணாடிக் காம்பின் இடுக்கில் இரண்டு அரிசி. பாறசாலைக் கடையில் மிஷினுக்குப் புது பேட்டரி வாங்கினேன். திரும்பும்போது சட்டைப் பையை விட்டுக் கை எடுக்கவில்லை.

மாட்டிவிட்டது ஷீபா. ரோஸ் கண்ணை மூடித் திறந்தாள். விசிறியைப் பார்த்தாள். ஷீபாவைப் பார்த்தாள். பிறகு என்னை. நெடுநேரம்.

"எங்க போயிக் கெடந்தீங்க இத்தற நாளும்?"

இங்கேதான் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "காட்டாக்கடை சந்தைக்கு," என்றேன்.

"வெறுங்கையோடயா வந்தீங்க?"

கஞ்சி குடித்தாள். நான் ஊட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

மேகம். சபைக்குப் போகவில்லை.

ரோஸுக்கு நேற்றைய தெளிவு இன்று காலையில் கொஞ்சம் கலங்கியது, பிறகு சரி. பிசியோப் பெண் இன்று காதருகே சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். வாக்கரைப் பிடித்து ரோஸ் எழுந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை. "நோவுது, ஆனா நிக்கியேன்," என்றாள். காட்டாக்கடைக்காரன் ஓடிவந்து வாக்கரின் மறுபக்கத்தைப் பிடித்தான். பிறகு எனக்கு டீ வாங்கி வந்தான். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, குனியச் சொல்லிச் சாடை காட்டினாள். வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டு, என் காதில்:

"ஒரு ஆளு உண்டு. எப்பளும் இந்த ஸ்டூல்லயேதான் இருப்பான், ஒரு நாளும் போவமாட்டான். அவனாக்கும் மாலைய எடுத்தது. இனி அவன எனக்க பக்கத்தில விடாதீங்க."

விடமாட்டேன் என்றேன்.