குஞ்சரம் இன்னும் சாகவில்லை

நாள் 412 / 09:20
வியாழனின் துணைக்கோள் காலிஸ்டோ, பனி ஆய்வு நிலையம். பதிவு செய்பவர் செலஸ்டினா பர்னாந்து. நிலையத்தில் நான் ஒருத்திதான்.
மூன்றாம் துளை 218 மீட்டர் ஆழம். வெளியே மைனஸ் 139 டிகிரி. காற்று சுத்திகரிப்பான் சரி. உணவு 500 நாளுக்கு உண்டு. என் இடத்துக்கு வரும் குழு மருதம் கப்பலில் இருக்கிறது. வந்து சேர இன்னும் 160 நாள்.
பூமியிலிருந்து ஒரு வீடியோ கேம் வந்திருக்கிறது, பெயர் 'ஏழாவது மதகு'. அனுப்பியவர் என் மனநல மருத்துவர் மாதங்கி. தினமும் ஒரு மணி நேரம் ஆட வேண்டுமாம். கேம் ஆடிப் பழக்கமில்லை. உத்தரவு என்பதால் ஆடுவேன்.

நாள் 427 / 15:10
சடையன் இறந்துவிட்டார்.
நிலையப் பதிவில் இதற்கு இடமில்லை என்று தெரியும். எழுதுகிறேன்.
கதையில் வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நாட்டின் குறுக்கே மருந்துப் பெட்டியைக் கொண்டுபோகிறோம். என்னோடு மூன்று பேர்: ஓடக்காரர் சடையன், நர்ஸ் நாகம்மை, எஞ்சின் பார்க்கும் குஞ்சரம். சடையனுக்கு எழுத்துத் தெரியாது. மகள் எழுதிய கடிதங்களை நான்தான் தினம் ஒன்றாகப் படித்துக் காட்டினேன். இன்று சுழலில் படகு கவிழப் பார்த்தது. அவர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தார். படகு தப்ப, கயிற்றை நான் அறுக்க வேண்டியிருந்தது. ஒரு பட்டன்தான்.
சேமித்த இடத்திலிருந்து நான்கு முறை திரும்ப ஆடினேன். நான்கு முறையும் அவர் செத்தார். பையில் பிரிக்காத கடிதங்கள் மூன்று.
நாற்பது நிமிடம் அழுதேன். அப்பா போனபோதுகூட இவ்வளவு அழவில்லை. ஏமாற்றிவிட்டார்கள். பழக விட்டு, பிடிக்க வைத்து, பிறகு பிடுங்கிக்கொண்டார்கள்.

நாள் 428 / 10:00
என் கையிலுள்ள நாடித்துடிப்புப் பட்டையின் பதிவைப் பார்த்துவிட்டு மாதங்கி விவரமாகக் கேட்டிருந்தார். எத்தனை நிமிடம் அழுதேன், சாப்பிட்டேனா, எதனால் கோபம். விடைபெறக்கூட நேரம் தராததுதான் கோபம் என்று பதில் அனுப்பினேன்.
நேற்று நான் அழுதபடி எழுதியதற்கு இசக்கியப்பனிடமிருந்தும் குரல் கடிதம். மருதத்தின் பொறியாளர். பத்து வருடம் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம். எனக்கு அண்ணன் மாதிரி. கப்பலின் ஆண்டெனா பூமியைப் பார்த்தே இருப்பதால் அவர் கடிதங்கள் பூமி வழியாகத்தான் வரும்.
"என்னட்டி செலஸ்டி, கேமுல ஒருத்தன் செத்ததுக்கா இந்த அழுகை? சரி, அழுது தீத்துரு. சாப்பாட்ட மட்டும் விட்டுராத. எங்களுக்கு இங்க கேமும் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாது. கப்பலோட்டுற தேவசகாயம் பாட்டத்தான் கேட்டுக் கெடக்கோம்."
சிரித்தேன். சாப்பிட்டேன்.

நாள் 449 / 14:30
நாகம்மை காய்ச்சலில் போனாள். இந்த முறை நேரம் கிடைத்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடக்கம் செய்தோம். போன வாரம்தான் கேமுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. நான் எழுதியதை யாரோ படித்துக் கதையை மாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றியது. நன்றி சொல்லி மாதங்கிக்கு எழுதினேன்.
பதினைந்து நிமிடம் அழுதேன். முன்னேற்றம் என்றார்.

நாள் 463 / 11:05
இசக்கியிடமிருந்து கடிதம்.
"குஞ்சரம் போயிட்டாளேன்னு மனசு விட்டுராத, செலஸ்டி. மூணு பேரும் போனப்பொறவும் நீ நிக்க பாத்தியா, அதாம் பெருசு."
குஞ்சரம் இன்னும் சாகவில்லை. நேற்றுகூட எஞ்சினைத் திட்டிக்கொண்டே எண்ணெய் ஊற்றினாள். இசக்கியிடம் இந்த கேம் கிடையாது. அவரே சொன்னது.

13:40
ஆடிப் பார்த்தேன். மதகின் இரும்புக் கதவு விழுந்து குஞ்சரம் செத்தாள். அழவில்லை.
மருதம் இருக்க வேண்டிய திசைக்கு ஆண்டெனாவைத் திருப்பினேன். எல்லாத் திசைக்கும் போகும் அடையாள ஒலிகூட இல்லை. இரண்டு மணி நேரம் கேட்டேன். ஒன்றுமில்லை.
மாதங்கிக்கு ஒரே வரி: இசக்கி எங்கே?

நாள் 464 / 08:50
பதில் வந்தது. முழுதாக எழுதி வைக்கிறேன்.
"செலஸ்டினா, 391ஆம் நாள் மருதத்தோட எரிபொருள் தொட்டி வெடிச்சிருச்சு. மூணு பேருமே இல்லம்மா. தனியா இருக்கற உங்ககிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கொஞ்சம் கொஞ்சமா உங்களைத் தயார் பண்ணலாம்னுதான் அந்தக் கதையை எழுதினோம். அதுக்கப்புறம் வந்த இசக்கி கடிதமெல்லாம் மெஷின் செஞ்சது. நேத்து வந்தது, கதையில குஞ்சரம் செத்தப்புறம் போக வேண்டியது; ரெண்டு நாள் முன்னாடியே போயிருச்சு. தப்பு எங்களோடதுதான்."
கதையிலும் மூன்று பேர். கப்பலிலும் மூன்று பேர். எனக்கு உறைக்கவே இல்லை.

11:30
சடையனுக்காக நான் அழுத அன்று இசக்கி செத்து முப்பத்தாறு நாள். மறுநாள் எனக்கு ஆறுதல் சொன்னது இசக்கி இல்லை. அந்த ஆறுதலில்தான் சாப்பிட்டேன்.
இப்போது அவருக்காக அழ உட்கார்ந்தால் வரவில்லை. என் அழுகை முழுவதையும் உலகில் இல்லவே இல்லாத ஆட்களுக்காக அழ வைத்து, நிமிடக் கணக்கில் குறித்துக்கொண்டு, தீர்த்துவிட்டார்கள்.
நாடித்துடிப்புப் பட்டையைக் கழற்றிவிட்டேன். இனி அவர்களுக்கு என் இதயம் கிடையாது.

14:00
இதை எடுப்பவருக்கு. கேமில் செத்தவர்களை விடுங்கள். இவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
இசக்கியப்பன், பொறியாளர், விக்கிரமசிங்கபுரம். ஹமீதா பானு, மருத்துவர், கீழக்கரை. தேவசகாயம், கப்பலோட்டி, மணப்பாடு. நாள் 391. அன்று நான் துளையில் பனி எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல நாள் என்று பதிவில் எழுதியிருக்கிறேன்.

நாள் 466 / 09:15
உணவு 446 நாளுக்கு. பாதி வயிறு என்றால் அதன் இரு மடங்கு. துளை வேலையை நிறுத்திவிட்டேன். அடுத்த கப்பல் வருமா என்று மட்டும் கேட்டேன்.

10:55
"கெளம்பிருச்சு, செலஸ்டினா. சத்தியமா. நானூறு நாள்ல வந்துரும். நாலு பேர் வர்றாங்க."
ஏழு முறை போட்டுக் கேட்டேன். மாதங்கியின் குரல்தான். சொல்லுக்கு நடுவே எச்சில் விழுங்குகிறார். மெஷின் செய்த இசக்கியும் விழுங்கினார்.

11:20
வரும் நான்கு பேரின் பெயர், படம், ஆளுக்கொரு குரல் கடிதம் எல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.
திறக்கவில்லை. திறந்தால் பிடித்துப்போகும்.