தண்ணீர்ப் பக்கம் போன ஈக்கள்

மார்ச் 4
நாற்பதாம் தலைமுறை. இரண்டாகப் பிரியும் கண்ணாடிக் குழாயில் நூறு பழ ஈக்களை விட்டேன். ஒரு முனையில் ஆல்கஹால், மறு முனையில் தண்ணீர். எண்பத்தொன்று ஆல்கஹாலுக்குப் போயின. அவற்றை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டினேன். கழுத்து வலி உயிர் போகிறது.

மார்ச் 9
அண்ணன் ஆய்வகத்துக்கு வந்தான். குடியை விட்டு நாற்பத்தொரு நாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. குழாயைக் காட்டினேன்.

"தண்ணிப் பக்கம் போனதெல்லாம் என்னடா பண்ணுவ?"

"கொட்டிடுவோம்."

"எதுல?"

"ஆல்கஹால்லதான்."

விழுந்து விழுந்து சிரித்தான். "அடப்பாவி! குடிக்காதவனுக்கும் இதே கதியா?"

பிறகு குரல் இறங்கியது. "அப்பாவும் இதுலதான் போனாரு. நெசமாச் சொல்லு. இது ரத்தமா, நானா?"

ரத்தம்தான் என்றேன். பழுத்து நொதித்த பழத்தை மோப்பம் பிடித்துப் போன மூதாதைதான் பிழைத்தது, அந்த மூளைதான் உனக்கும், நீ முடிவெடுப்பதாக நினைப்பது மூளை பின்னால் கட்டுகிற கதை என்றேன். ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அப்படியா? அடுத்த தொகுதி காத்திருந்தது, அவன் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

மார்ச் 12
அண்ணி போன் செய்தார். மறுபடி ஆரம்பித்துவிட்டானாம். "தம்பியே சொல்லிட்டான், என் கையில ஒண்ணுமில்லன்னு" என்று சொல்லிச் சொல்லிக் குடிக்கிறானாம்.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க தம்பி?"

அறிவியலைச் சொன்னேன் என்றேன். வைத்துவிட்டார்.

மார்ச் 20
கூட்டமாக வேண்டாம், ஒரே ஈயைத் திரும்பத் திரும்ப விடு என்றார் பேராசிரியை. பத்து முறை விட்டேன். ஏழு முறை ஆல்கஹால், மூன்று முறை தண்ணீர். அதே ஈ, அதே வெப்பம். குழாயில் ஏதோ கோளாறு என்றேன்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு. எப்பவும் ஒரே பக்கம் திரும்புற ஈயை எதிரி சுலபமாப் பிடிச்சிடும். மாத்தி நடக்குற திறமையும் பரிணாமம் கொடுத்ததுதான்பா. நீ இத்தனை நாளா சராசரியை மட்டும் பாத்திருக்க."

எனக்குத் தெரியாததா? தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கேன். அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?

மார்ச் 27
அண்ணன் ஆஸ்பத்திரியில். ரத்த வாந்தி. ஏற்கெனவே கெட்டுப்போன ஈரல், இந்தப் பதினைந்து நாளைத் தாங்கவில்லை என்றார் டாக்டர். கண் மஞ்சள். அந்த ஒற்றை ஈ ஏழு முறை ஆல்கஹாலுக்கும் மூன்று முறை தண்ணீருக்கும் போனதை அண்ணனிடம் சொன்னேன். நான் பாதியைத்தான் சொன்னேன், தப்பு என்னுதுண்ணே என்றேன்.

என் பக்கம் திரும்பிப் படுத்தான். "அப்போ அந்த நாப்பத்தொரு நாளும் நான்தான் குடிக்காம இருந்தேனா?"

"நீதாண்ணே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா."

மார்ச் 29
காலை பதினொன்றே கால். அண்ணன் போய்விட்டான்.

ஏப்ரல் 16
அண்ணிக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள். "அம்மா பக்கத்துலதான் இருக்காங்க சித்தப்பா. உங்ககூட இனிமே பேசறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்களாம்."

சரிம்மா என்றேன். அண்ணி யோசிக்காமல் எதையும் முடிவு செய்கிறவர் இல்லை.