கேமராவுக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3, திங்கள்

மேடம் கூப்பிட்டார். "உன் மேசைக்கு வர்றவங்க பாதிப் பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போறாங்கப்பா. கொஞ்சம் பதமாப் பேசேன்."

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். பல்கலைக்கழகக் கணினிகளைப் பார்க்க வந்தவன். ஆசிரியர் உரிமம் வாங்க வருகிறவர்களுக்கு வழி சொல்லும் மேசை காலியானதும் என்னை அங்கே உட்கார வைத்தது இவர்தான். தேதி தவறினால் தவறியதுதான். பதமாகச் சொன்னால் தேதி திரும்பி வந்துவிடுமா?

மார்ச் 5, புதன்

இன்று பேசியதெல்லாம் விதிமுறை. வேறு ஒரு சொல்கூட இல்லை.

மார்ச் 10, திங்கள்

நர்ஸம்மா வந்தார். பல வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, இந்த வயதில் கணக்கு டீச்சராகக் கிளம்பியவர். என்னைத் தம்பி என்கிறார். ஆபீசில் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றேன். "சரி தம்பி" என்றார்.

உரிமத்துக்குக் கடைசித் தேர்வு, வகுப்பில் பாடம் நடத்துவதை வெட்டாமல் வீடியோ எடுத்து அனுப்புவது. பெற்றோர் சம்மதம் தராத பிள்ளையின் முகமோ குரலோ அதில் வரக்கூடாது. இவர் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நர்ஸம்மா அவளை மூலையில், கேமராவுக்கு எட்டாத இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். அதுவரை சரி. ஆனால் வீடியோவில் இவர் நொடிக்கொரு தரம் அந்த மூலைக்கே திரும்புகிறார்.

"சுவத்துக்குப் பாடம் நடத்துற மாதிரி இருக்கு. மார்க்குப் போடுறவங்களுக்கு அங்க ஒரு பிள்ளை இருக்கறதே தெரியாது. மறுபடி எடுங்க. அந்தப் பக்கம் திரும்பாதீங்க."

"அவளுக்குத்தான் தம்பி பின்னம் புரியல."

"ஒரு வகுப்பு புரியாமப் போனா குடி முழுகிடாது."

"வார்டுல கத்துறவங்களை அப்புறம்கூடப் பாக்கலாம். சத்தமே இல்லாமப் படுத்திருக்கவங்களைத்தான் முதல்ல பாக்கணும். பழகிப்போச்சு, என்ன பண்ண?"

என்ன பண்ணவா? இந்த முறை தவறினால் இவர் ஏற்கெனவே முடித்த பாடங்கள் காலாவதியாகிவிடும். எல்லாம் முதலிலிருந்து. அனுப்பக் கடைசி நாள் 21. அதையும் சொன்னேன், இதே தொனியில். அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மார்ச் 12, புதன்

காய்ச்சல். லீவு. அறையில் ஃபேன் சத்தம் மட்டும். போன் ஒரே ஒரு முறை அடித்தது. கடன் வேண்டுமா என்று யாரோ ஒரு பெண். வேண்டாம் என்று சொல்வதற்குமுன் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், நிஜமாகவே வாங்கப் போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

மார்ச் 13, வியாழன்

சே. எவ்வளவு சின்ன விஷயம். பெண்ணை ஒளிக்க வேண்டியதில்லை, கேமராவை நகர்த்தினால் போதும்.

நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். "அவளை மூலையில இருந்து எடுங்க. நடு பெஞ்சுல உட்கார வைங்க. கேமராவை அவ டெஸ்க்குலயே, அவளுக்கு முன்னாடி, உங்களைப் பாக்குற மாதிரி வைங்க. அப்ப அவ படத்துல வர மாட்டா. நீங்க அவளைப் பாத்தா கேமராவைப் பாத்த மாதிரி இருக்கும். அவ பேசக் கூடாது. தலையாட்டினாப் போதும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி."

"அன்னைக்குத் தோணல."

"உடம்பு சரியில்லையா? குரல் ஒரு மாதிரி இருக்கே."

இல்லை என்றேன். ஏன் இல்லை என்றேன்?

மார்ச் 20, வியாழன்

புதுப் பதிவு வந்தது. அனுப்புவதற்குமுன், அந்தப் பெண்ணின் முகம், குரல் எங்காவது வருகிறதா என்று முழுதும் பார்த்துவிட வேண்டும். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

காகிதத்தை நாலாக மடிக்கிறார். மூன்று பங்குக்கு வண்ணம் அடிக்கிறார். பையன்கள் கத்துகிறார்கள், அடக்குகிறார். பிறகு நடந்து வந்து குனிந்து நேராக என்னைப் பார்க்கிறார். என்னை இல்லை, தெரியும். கேமராவுக்குப் பின்னால் இருக்கிற அவளை.

"இது வரைக்கும் புரியுதா உனக்கு?"

பதில் இல்லை. வரக்கூடாது என்று நானேதானே சொன்னேன். அவள் தலையாட்டினாளா இல்லையா, படத்தில் தெரியாது. நர்ஸம்மா கண்ணை எடுக்கவில்லை. அவசரமும் படவில்லை.

"புரியலைன்னா பரவால்ல. இன்னொரு தடவை சொல்றேன். நான் எங்க போகப்போறேன்?"

ஒருத்தர் என் முகத்தை இப்படிப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது? நினைவுக்கு வரவில்லை.

"புரியுது" என்றேன். வாய்விட்டு.

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. காலி நாற்காலிகள். அனுப்பும் பட்டனை அழுத்தினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நர்ஸம்மா போன் செய்தார். "தம்பி, பாஸ்."

"உரிமத்துக்கு போலீஸ் சான்று இன்னும் வந்து சேரல. அதை முடிங்க முதல்ல" என்றேன். சிரித்தார். சந்தோஷம் என்று சொல்லியிருக்கலாம். வைத்த பிறகுதான் தோன்றியது. உரிமம் கைக்கு வந்தவர்கள் இந்த மேசைப் பக்கம் வருவதில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

முடிவு வந்த மறுநாள் மாலைக்குள் எங்களிடம் இருக்கும் பதிவுகளை அழித்துவிட வேண்டும். விதி. யார் கேட்டாலும் அன்றே செய்யச் சொல்வேன்.

சுவரைப் பார்த்து நடத்திய பழைய பதிவை அழித்தேன். இன்னொன்றுக்கு, விதிப்படி, நாளை மாலை வரை அவகாசம் இருக்கிறது.