அம்மா சொல்லாத வரி

போத்தனூர்

அன்பு அம்மணிக்கு,

மில் பெண்களைப் பற்றிய உன் ஆய்வேட்டைப் படித்தேன். பத்தாவதோடு நின்ற ஆளுக்குப் பாதிதான் புரிந்தது. அம்மாவின் பேட்டி மட்டும் நன்றாகவே புரிந்தது.

அம்மாவின் காரியம் முடிந்ததிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. நீ அனுப்பிய பதிவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மிக்சி இரைச்சலை ஏஐ எடுத்துவிட்டதால் அவள் குரல் பக்கத்திலேயே கேட்கிறது. அதற்கு ஒரு கும்பிடு.

ஆனால், ஆய்வேட்டில் இருப்பதுபோல் "என் கணவர் எப்போதும் எனக்குத் துணையாக நின்றார்" என்று அவள் சொல்லவே இல்லை. "அப்பா எப்படிம்மா?" என்று நீ கேட்டதும் நம் வீட்டுத் தெலுங்குக்கு மாறிவிட்டாள். அது புரியாமல், பேட்டியை எழுத்தாக்கிய ஏஐ தானாக ஒன்றை எழுதிவிட்டது. நீயும் அவசரத்தில் பதிவோடு ஒத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவள் சொன்னது தமிழில் இதுதான்: "அவரா? அந்த மனுசனோட இத்தன வருசம் குப்ப கொட்டினதே பெருசு. உடு கண்ணு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அச்சில் எனக்கு நல்ல பேர் கிடைப்பது இதுதான் முதல் தடவை. ஆசையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கல்லூரியில் கொடுப்பதற்குள் அந்த வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதையே போடு, கண்ணு. சிரித்தாள் என்பதையும் மறக்காமல் எழுது.

உன் அப்பா