கார்டுல எனக்கு நாப்பது

ஆடி 6, செவ்வாய்

பேய்க்காத்து. காயப்போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கையில. எடுக்கணும்.

யாரும் படிக்க மாட்டாக, அதனால எழுதுறேன். மில்லுல சேரும்போது முப்பதுக்கு மேல எடுக்க மாட்டோம்னாக. எனக்கு முப்பத்தஞ்சு. இருபத்தேழுன்னு சொல்லிட்டேன். ஒருத்தரும் சந்தேகப்படல. அதுல கொஞ்சம் பெருமைதான். இப்ப நாப்பத்தெட்டு. மில்லு குடுத்த ஆஸ்பத்திரி கார்டுல நாப்பது. அந்தக் கணக்குக்கு மகளைப் பதிமூணு வயசுல பெத்திருக்கேன்.

பக்கத்து மிசினு பாண்டியம்மா வீட்டுக்காரருக்கு நெஞ்சு ஆப்பரேசன். மூணாம் நாளே மில்லு கார்டுல இருந்த பணம் தீந்துபோச்சு. ஆடு அம்புட்டையும் வித்தாக.

போன மாசம் எங்க வீட்டு அவுக லாரியில லோடு எறக்கப் போகையில, பந்தல்குடி டீக்கடையில நெஞ்சைப் பிடிச்சு உக்காந்தாக. கேட்டா வெறும் வாயு, கேஸுங்கிறாக. எனக்கு இருப்புக் கொள்ளல.

ஆடி 8, வியாழன்

டவுனுல இன்சூரன்ஸ் போடுற ஜமீலாக்கா வந்தாக. மில்லு கார்டு தீர்ற எடத்துல இருந்து இவுக பாலிசி பிடிச்சுக்கிருமாம். எங்க வீட்டு அவுக நெஞ்சுவலியை மறைக்காம எழுதணும், டெஸ்ட்டு எடுக்கணும். என் ஆதாரையும் மில்லு கார்டையும் வாங்கிப் பாத்தாக.

"ரெண்டு காகிதத்துல ரெண்டு வயசு இருந்தா, பணம் கேக்கையில தட்டிவிட்ருவாக. மில்லுல திருத்திட்டு வா."

"ஒங்க வயசை எங்க திருத்துனீக, அக்கா?"

சிரிச்சாக. ஆனா விடல.

வாங்கணும்: சீனி, வெளக்கமாறு, அவுகளுக்குப் பனியன்.

ஆடி 9, வெள்ளி

மில்லு ஆபீசுல கிளார்க்கு சொன்னாரு. "திருத்துனா எட்டு வருசம் முன்னாடியே ரிட்டயராகி வீட்டுக்குப் போகணும்மா. யோசிச்சியா?"

யோசிக்கல. மிசினுக்கு வந்து யோசிச்சேன். நூலு மூணு தரம் அந்துபோச்சு.

அவுககிட்ட சொன்னேன். "எனக்கு ஒண்ணுமில்ல, விடு புள்ள." சொல்லும்போதே கை நெஞ்சுல. கேட்டா சட்டைப் பித்தானைத் தேடுறாகளாம்.

ஆடி 11, ஞாயிறு

மக மல்லாங்கிணறுல இருந்து போனு. "எம்மா, எளவட்டமா இருந்தது போதும், எழுதிக் குடு."

வெளக்கமாறு மறந்துட்டேன்.

ஆடி 12, திங்கள்

எழுதிக் குடுத்துட்டேன். புதுக் கார்டு வர ஒரு மாசமாம்.

பாண்டியம்மாவுக்கு நாப்பத்தஞ்சு. நான் எளையவள்னு பதிமூணு வருசமா என்னையத்தான் தண்ணி கொண்டாரச் சொல்லுவா. இன்னிக்கி சொம்பை அவ கையில குடுத்தேன்.

"அடிப் பாவி, நீ அக்காவா?"

"மரியாதையாப் பேசு. ஐஸ் தண்ணி வேணும்."

சிரிச்சோம். திரும்பி மிசினைத் தொடச்சு வச்சேன். இன்னும் பத்து வருசந்தான்.

ஆடி 14, புதன்

அருப்புக்கோட்டை லேப்பு. அவுக வெறும் வயிறு. அம்புட்டுப் பெரிய லாரி ஓட்டுறவுகளுக்கு ஊசின்னா நடுக்கம். "ஊசியைப் பாக்காதீக, என்னையப் பாருங்க"ன்னேன். அவுக என்னையப் பாத்தாக. நான் ஊசியைப் பாத்தேன்.

மயங்கி விழுந்துட்டேன். என் புருவத்துல நாலு தையல். மேசை விளிம்பு.

அவுக நெஞ்சுல ஒண்ணுமில்லையாம். கேஸுதானாம். என்னையத் தூக்கிட்டு ரோட்டைத் தாண்டி எதுத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவுகதான். அங்ஙன மில்லு கார்டை நீட்டினேன். ஆதாரும் கேட்டாக. வயசு ஒத்துவரலன்னு ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டாக.