காலி டிரேக்களோடு வந்த மதினி

மதினி,

இன்று காலை ஆபீஸ் மேசை டிராயரை இழுத்தேன். மூலையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது. காய்ந்து கறுத்துக் கோலிக்குண்டு போல ஆகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், இன்னும் கொஞ்சம் வாசம் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தப் பழமே இன்னும் போகவில்லை, நீங்கள் எப்படி அப்படிப் பட்டென்று போகலாம்?

ராயப்பன்பட்டியிலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் வர உங்களுக்கு எலுமிச்சம்பழம் வேண்டும். மூக்கிலிருந்து எடுத்தால் சின்னமனூர் தாண்டுவதற்குள் வாந்தி. கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, சென்னைக்கு ரயில் விட்டதும் பார்சல் பெட்டியில் அனுப்பலாம் என்று கிளம்பியது நீங்கள்தான். "ரோட்டுல போனா எனக்கே கொடலு வெளிய வருது. பன்னீர் திராட்சை பச்சப்புள்ள, அது என்ன பாடுபடும்?" என்றீர்கள். தோட்டக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தவனையே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்து உட்காரவைத்தீர்கள். கம்பத்துச் சரக்கு டிரேக்களில் அடுக்கி மினி லாரியில் தேனிக்கு வரும், நாம் ரயிலேற்றுவோம். சென்னைக் கடைக்காரர் அங்கே இறக்கிக்கொண்டு, காலி டிரேக்களைத் திரும்பி வரும் ரயிலில் போட்டுவிடுவார். அவ்வளவுதான் நம் தொழில். அதற்கே உங்கள் நடையில் ஒரு மிதப்பு வந்திருந்தது.

அப்புறம் பழம் நசுங்கிப் போய்ச் சேர ஆரம்பித்தது. ஒரு தடவை இல்லை, அடுத்தடுத்து. தோட்டக்காரர்கள் பழையபடி லாரிக்கே போகிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். "சரக்கோட நானே போயி, எங்கன நசுங்குதுன்னு பாத்துட்டு வாரேன்" என்று நீங்கள் புதுச்சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டீர்கள். "மெட்ராஸ் பாக்க ஒம்மதினிக்கு ஒரு சாக்குடா" என்றார் அண்ணன். கல்யாணமான நாள் முதல் உங்கள் வாயைக் கிண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

மறுநாள் சென்னை பிளாட்பாரத்திலிருந்து போன் செய்தீர்கள். "கொழுந்தனாரே, கண்டுபிடிச்சிட்டேன்! நடுவழியில ஏத்துற நூல் மூட்டைய நம்ம டிரே மேல தூக்கிப் போடுறாக. இனிமே கதவோரம் வைக்காதீக, உள்ளுக்க தள்ளி அடுக்கச் சொல்லுங்க." குரலில் அப்படி ஒரு குதூகலம். நானும் விடவில்லை. "வந்து சேருங்க மதினி, மாலை வாங்கி வைக்கிறேன்" என்றேன். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டீ ஆறுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டார். டிரே மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்களாம். கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டீர்களாம். "எந்த மதினி?" என்று அவரிடம் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். இப்போதுதானே என்னிடம் பேசினீர்கள்?

அண்ணனும் நானும் சென்னைக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் உங்களைச் சவப்பெட்டியில் வைத்தார்கள், ஆம்புலன்ஸும் வந்து நின்றது. அப்போதுதான் அண்ணன் என் கையைப் பிடித்தார். "ஏலே, ரோட்டு வழியா வேணாம்டா. அவளுக்கு வாந்தி வரும்." டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அலைந்து திரிந்து சான்றிதழெல்லாம் வாங்கி, உங்களை ரயிலிலேயே ஏற்றினேன், உங்கள் பார்சல் பெட்டியில், நம் காலி டிரேக்களுக்குப் பக்கத்தில்.

காலையில் தேனியில் வண்டி நின்றது. கொஞ்ச நேரம்தான் நிற்கும். லோடுமேன்களும் அவர்களுடைய மேஸ்திரி சின்னமாயனும் முதலில் டிரேக்களை இறக்கினார்கள். உடையாமல் வந்த டிரே ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் ஒரு கோடு. நீங்கள் போட்ட சட்டம் அது. ஒவ்வொன்றாக இறக்க இறக்க, சின்னமாயன் அழுதுகொண்டே கோடு போட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக உங்களை இறக்கினார்கள். அவர் கை தன்பாட்டில் வந்து, உங்கள் பெட்டி மேலும் ஒரு கோடு இழுத்துவிட்டது.

சின்னமாயன் தன் கையையே பார்த்தார். "ஆத்தா!" என்று அலறிக்கொண்டு பெட்டிமேல் விழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அழிக்கப் போனார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அண்ணன் மெதுவாகக் குனிந்து அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் மாயா. அழிக்காத. அவ போட்ட சட்டந்தான."

கல்லறைத் தோட்டத்தில் நம் சர்ச் சாமியார் தீர்த்தம் தெளித்தபோதும் அந்தக் கோட்டின் மேல் விழாமல் அண்ணன் கையை வைத்து மறைத்துக்கொண்டார். கோட்டோடுதான் உங்களை மண்ணுக்குள் இறக்கினோம்.

தோட்டக்காரர்கள் லாரிக்குப் போகவில்லை மதினி. நீங்கள் சொன்னபடி உள்பக்கம் தள்ளி அடுக்குகிறோம், பழம் நன்றாகப் போய்ச் சேருகிறது. சின்னமாயன் இன்றும் எல்லோருக்கும் முந்தி வந்து நிற்கிறார், ஆனால் அன்றிலிருந்து சாக்பீஸைத் தொடுவதில்லை. கோடு போடுவது இப்போது என் வேலை. பார்சல் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே டிரேக்கள் மட்டும்தான் இருக்கின்றனவா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அப்புறம்தான் முதல் கோடு.