சாந்தோவின் பதினொரு முட்டைகள்

ஏப்ரல் 7, ஞாயிறு

சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, கருவாடு பொரித்து எடுத்துக்கொண்டு சிறைக்குப் போய் வந்தேன். பேருந்தில் ஒன்றேகால் மணி, வாசல் வரிசையில் ஒன்றரை மணி, தம்பியோடு இருபது நிமிடம்.

இன்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சேவல் போன வாரமே போய்விட்டது. நேற்றுக் காலை பெட்டையும் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்து செத்தது. ஊரில் ஒரு கோழி மிச்சமில்லை, இந்தச் சீக்கு தெருத்தெருவாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

அவை என் தம்பி சாந்தோவின் கோழிகள். சண்டைச் சேவலுக்கென்று பதினைந்து வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்து எடுத்த வம்சம். அவன் உள்ளே போன இந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாகப் போய் அந்த ஜோடிதான் பாக்கி இருந்தது. எனக்குச் சேவல் சண்டை என்றாலே ஆகாது. அவனுக்காகத் தீனி போட்டேன், அவ்வளவுதான்.

“முட்டை ஏதாவது விட்டிருந்துச்சா?” என்றான்.

பதினொன்று இருக்கிறது, அடைக்கு வைக்கத்தான் கோழி இல்லை என்றேன்.

“அப்ப நீதான் அக்கா அடைகாக்கணும்.”

சிரிக்காமல் சொன்னான். மீதி நேரம் முழுக்க மேஜைமேல் விரலால் ஒரு பெட்டி வரைந்து காட்டினான். பல்பு இங்கே, தண்ணீர் இங்கே, காற்றுக்குத் துளை இங்கே. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த முட்டைகளை அவித்து அவனுக்கே எடுத்துப்போகலாமா என்று நேற்று யோசித்ததை நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

மீன் விற்கும் டாடிங்கிடம் ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கினேன். மூன்று முறை சோப்புப் போட்டும் கவிச்சி போகவில்லை. பக்கத்து வீட்டு இஸ்கோ அண்ணன் மூடியில் பல்பு மாட்டி, உள்ளே பார்க்க ஒரு துளையில் கண்ணாடியும் வைத்துத் தந்தார். ஃபேன், ரேடியோ, மோட்டார் ட்ரைசிக்கிள், எது ரிப்பேரானாலும் அவர் கைதான் இந்தத் தெருவில். பழைய குண்டு பல்பு, 25 வாட்; புது பல்பெல்லாம் வெளிச்சம் தருமே தவிர சுடாதாம். பக்கத்தில் ஆறு துளை. சூடு ஏறினால் துளையைத் திறக்க வேண்டும், இறங்கினால் தக்கையால் அடைக்க வேண்டும். தானே அணைந்து தானே எரியும்படி ஒரு கருவி கிடைக்குமாமே என்று கேட்டேன்.

“நீதான் இருக்கியே, அனீசியா,” என்றார்.

சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டியிலிருந்து கழித்துப் போட்ட வெப்பமானி ஒன்று கிடந்தது. எடுத்து வந்தேன். நான் குழந்தைகளுக்கு எடை போடுகிற இடம் அது, வீட்டிலிருந்து நாலு வாசல் தள்ளி. மணிக்கொரு தரம் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

ஏப்ரல் 10

முப்பத்தேழரையில் நிற்கிறது. வைத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம். காலை, மதியம், மாலை புரட்ட வேண்டும். இருபத்தொரு நாள் என்றால் மே ஒன்று.

மாதா படத்துக்குக் கீழே பெட்டி. வேறு பிளக் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

அவன் முட்டையைப் பற்றிக் கேட்டான். நான் செவ்வாய்க்கிழமை விசாரணையைப் பற்றிக் கேட்டேன். இருபது நிமிடம் முடிந்தது.

ஏப்ரல் 16

நீதிபதி விடுப்பு. மே 7-க்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். இதோடு பத்தாவது முறையோ பதினோராவது முறையோ. விலங்கு போட்ட கையோடு அவனை வேனிலிருந்து இறக்கி, அரை மணி பெஞ்சில் உட்காரவைத்து, திரும்ப ஏற்றினார்கள். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்ய?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞானஸ்நான விருந்து. தென்னங்கள் குடித்துவிட்டுத் தகராறு. மெல்ச்சோர் என்பவன் கத்திக்குத்தில் செத்துப்போனான். ஆறு பேரைப் பிடித்தார்கள், ஐந்து பேரை விட்டுவிட்டார்கள். சாந்தோ மட்டும் உள்ளே. அவன்தான் செய்தானா? நான் கேட்டதில்லை. அவன் சொன்னதுமில்லை.

ஏப்ரல் 17

ஏழாம் நாள். இஸ்கோ அண்ணன் ஒரு அட்டைக் குழாயை முட்டைமேல் வைத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஜன்னலைப் போர்வையால் மூடியதில் வேர்த்து ஊற்றியது. மூன்றில் ஒன்றுமே இல்லை, வெறும் மஞ்சள். ஒன்றில் ரத்தம் வளையமாக நின்றுவிட்டது, அது செத்தது. மற்ற ஏழிலும் சிவப்பு நரம்பு சிலந்திக் கால்போலப் பரவி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடிக்கிறது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். “போதும், சூடு போயிடும்,” என்று பிடுங்கிவைத்தார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பொய் சொல்லிவிட்டேன்.

முதுகெல்லாம் வேர்க்குரு உடைந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு. ஒரு அறையில் முப்பத்தெட்டு பேர், ஒரு ஃபேன். “எத்தனை உயிரோட இருக்கு?” என்று கேட்டான். நான் வாயைத் திறக்கும் முன்னே, “எங்க அறையில எல்லாரும் நாள் எண்ணுறாங்க அக்கா. சுவத்துல கோடு போட்டு வச்சிருக்கான் ருஸ்டிகோ. ஆளாளுக்குக் குஞ்சுக்குப் பேர் வேற வச்சுட்டானுங்க,” என்றான்.

“பதினொண்ணும்,” என்றேன்.

இரண்டு வருடத்தில் அவன் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்த்தேன். இனி எப்படித் திருப்பிச் சொல்வது?

ஏப்ரல் 23

பகல் ஒரு மணிக்குக் கரண்ட் போனது. நிலையத்தில் ஒரு கைக்குழந்தை தராசில் கிடந்தது. அதைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். பெட்டியைப் போர்வையால் சுற்றி, பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி உள்ளே வைத்தேன். ஆறினால் மாற்று. மறுபடி காய்ச்சு. மறுபடி மாற்று. ஐந்தேகாலுக்குத்தான் வந்தது. வீட்டுக்குள் அடுப்புப் புகை, நான் தொப்பலாக நனைந்திருக்கிறேன்.

டாடிங் எட்டிப் பார்த்தாள். “உம் புருஷன் காய்ச்சலா கெடந்தப்பகூட நீ இந்தப் பாடு படலையே,” என்றாள். புருஷன் என்னை விட்டுப் போய் ஒன்பது வருடம். சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 24

இந்த வெப்பமானி பொய்.

நேற்றைய ஓட்டத்தில் சந்தேகம் வந்தது. நிலையத்திலிருந்து காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது. மறுபடி வைத்தேன். முப்பத்தொன்பது. பதினான்கு நாளாக ஒன்றரை டிகிரி கூடுதலாகச் சுட்டிருக்கிறேன். கழித்துப்போட்ட சாமான் என்று தெரிந்துதானே எடுத்தேன், ஏன் கழித்தார்கள் என்று யோசித்தேனா?

இஸ்கோ அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். ஐந்துதான் அசைகிறது. “பாதி அவிச்சுட்டே,” என்றார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அஞ்சு இருக்கில்ல, அஞ்சு போதும் என்றார்.

இரண்டு துளையைத் திறந்துவைத்தேன். வேற என்ன பண்றது? ஆனதை எப்படித் திருப்புறது? ஒண்ணுமே என் கையில இல்ல, ஆனா எல்லாம் என் கையாலதான் நடக்குது.

ஏப்ரல் 28, ஞாயிறு

நேற்று மாலையோடு புரட்டுவதை நிறுத்திவிட்டேன். இனி மூடியைத் திறக்கக் கூடாது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சொல்லவில்லை. அவனாக ஒன்று சொன்னான்: “குத்தி வெளிய வர ஆரம்பிச்சா நீ கை வைக்காதே அக்கா. எவ்வளவு கஷ்டப்பட்டாலும் அதுவாத்தான் வரணும். உள்ள ரத்தம் வத்தினப்புறம்தான் ஓடு விடும்.”

சரி என்றேன்.

ஏப்ரல் 29

ரெண்டு நாள் முன்னாடியே. காலையில் நிலையத்துக்குக் கிளம்பும்போது பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். இரண்டு முட்டையில் கீறல். சூடு கூடினால் சீக்கிரம் வந்துவிடுமாம், இஸ்கோ அண்ணன் சொல்கிறார், ஆனால் முழுசாக வராதாம்.

லீவு சொல்லிவிட்டேன். கண்ணாடி வைத்த துளை வழியே பார்ப்பதுதான் வேலை. கூப்பிடுகிறது, ஓய்கிறது, கூப்பிடுகிறது.

ஏப்ரல் 30

ஒன்று விடியும்போது வந்துவிட்டது. ஈரமாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

இன்னொன்று. அதைத்தான் எழுத வேண்டும். நேற்றுக் காலை அலகு நுனி அளவு துளை, இன்று மதியம் வரை அதே துளை. சத்தம் குறைந்துகொண்டே வந்தது. உள்தோல் காய்ந்து அதன்மேல் இறுகிவிட்டதாகத் தோன்றியது. கை வைக்காதே என்றானே, தெரியும், தெரிந்தும் மூடியைத் திறந்தேன். நகத்தால் ஒரு சில்லு எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு சில்லு. அப்புறம் ரத்தம். ஒரு சொட்டுதான் முதலில். விரலால் அழுத்திப் பிடிச்சேன், நிக்கல. அலகைத் திறந்து திறந்து மூடுச்சு, என் உள்ளங்கையிலேயே.

விட்டிருந்தா வந்திருக்குமா? இல்ல அப்பவும் செத்திருக்குமா? யாருகிட்ட கேக்கறது.

மே 2

மற்ற மூன்றிலும் அசைவில்லை. அண்ணன் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார். இருக்கிற ஒன்றுக்கு இடது கால் விரிந்து போகிறது, விரல்கள் சுருண்டிருக்கின்றன. பிளாஸ்டரைக் கீறி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். விழுகிறது, எழுகிறது. தின்கிறது.

மே 5, ஞாயிறு

காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். ஐந்து நாள் குஞ்சு. விட்டுப் போனால் செத்துவிடும். ஒரு பால்மாவு டப்பாவில் துணி அடைத்து, அதில் வைத்து, ரவிக்கையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

சோதனை செய்யும் பெண் காவலர் மூடியைத் திறந்ததும் அது கத்தியது. பின்னால் வரிசையே எட்டிப் பார்த்தது.

“இதைச் சாப்பாட்டுல எழுதவா, பார்வையாளர்ல எழுதவா?” என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். உள்ளே விட முடியாது என்றார். ஆனால் டப்பாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சாந்தோ உட்கார்ந்ததும், இன்னொரு முறை வாய் மாறுவதற்குள் சொல்லிவிட்டேன். “பதினொண்ணுன்னேன்ல, பொய். ஏழு. அப்புறம் அஞ்சு. இப்ப ஒண்ணுதான். இன்னொண்ணு வந்துட்டுதான் இருந்துச்சு. நான் கை வச்சேன்.”

“ரத்தம் வந்துச்சா?”

“வந்துச்சு. நிறுத்த முடியல.”

அவன் திட்டவில்லை. பிறகு சொன்னான்: “செவ்வாய்க்கிழமை நான் ஒத்துக்கப் போறேன் அக்கா. சின்னக் குத்தமா மாத்தித் தராங்களாம். வக்கீல் பேசிட்டாரு.”

இரண்டு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். “நீதானா?”

“கத்தி என் கையில இருந்துச்சு. அவன் வயித்தப் புடிச்சிட்டு உக்காந்தான். நானும் கைய வச்சு அமுத்தித்தான் பாத்தேன்.”

மணி அடித்துவிட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் நடக்கும்போது அந்தக் காவலர் என்ன நினைத்தாரோ, டப்பாவிலிருந்து குஞ்சை எடுத்துச் சோதனை மேஜைமேல் விட்டார். தூரத்திலிருந்தே சாந்தோ நின்று பார்த்தான். நாலடி நடந்தது.

“நொண்டுது,” என்றான்.

மே 7

ஒத்துக்கொண்டான். எட்டு வருடம். இருந்த இரண்டையும் கழித்துக்கொள்வார்கள். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. மெல்ச்சோரின் அம்மா எனக்கு முன் வரிசையில் இருந்தாள். எழுந்து போகும்போது என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

மே 19, ஞாயிறு

சாப்பாட்டோடு போய் வரிசையில் நின்றேன். பட்டியலில் பெயர் இல்லை. செவ்வாய்க்கிழமையே மணிலா பக்கத்துப் பெரிய சிறைக்கு ஏற்றிவிட்டார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? இங்கிருந்து பத்து மணி நேரப் பயணம்.

சாப்பாட்டை அவன் இருந்த அறைக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

ஜூன் 9, ஞாயிறு

மதியம் ஒருவர் வந்தார். ஒல்லி, புதுச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ருஸ்டிகோ என்றார், சாந்தோவின் அறைச் சுவரில் கோடு போட்டவர். வெள்ளிக்கிழமை விடுதலையாம், மூன்று ஊர் தள்ளி வீடு, குஞ்சுகளைப் பார்க்க வந்தாராம்.

குஞ்சு முற்றத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. இப்போது சிறகு முளைத்துவிட்டது, சேவல்தான், கால் அப்படியேதான். அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

“சாந்தோ சொன்னது இதானே? ஒண்ணே ஒண்ணு மட்டும் நொண்டின்னான்,” என்றார். “அன்னிக்கு அறையே ஆட்டம் போட்டுச்சு. பதினொண்ணும் ஒண்ணுபோல வந்துடுச்சுன்னு அவன் சொன்னதும் சுவத்துக் கோட்ட எல்லாம் அழிச்சு, பதினொரு பேர எழுதி வச்சோம். இன்னும் இருக்கு.”

நான் வாழைப்பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

“மத்த பத்தும் எங்க?”

“வாய்க்கால் பக்கம் மேயப் போயிருக்கு,” என்றேன்.

“சாயந்திரம் வந்துடுமா?”

“வந்துடும்.”

அப்படியானால் பார்த்துவிட்டே போகிறேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே வந்து அவருக்கும் சேர்த்து அரிசி களைந்தேன்.